ரம்புத்தான் மரமும் தானியங்கிப் புல்வெட்டியும்



தேர்வுத்தாள் திருத்தம், விளையாட்டுப் போட்டி, பாட அறிக்கை என்று நாள்கள் ஓடியதில் இப்பக்கத்தில் எழுதி நெடுநாளாகிவிட்டது. இன்று எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சென்ற வாரம் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயற்குழுவில், பள்ளித் திடலுக்குத் தானியங்கிப் புல்வெட்டி ஒன்று வாங்கலாமா என்ற பேச்சு எழுந்தது. நன்கொடை தர ஒருவர் முன்வந்திருக்கிறார். விற்பனையாளரும் வந்து திடலைப் பார்த்திருக்கிறார். கிழக்கு வேலியோரம் நிற்கும் இரண்டு அங்சானா மரங்கள் செயற்கைக்கோள் சமிக்ஞையை மறைக்கின்றன என்றும், அவற்றை வெட்டிவிட்டால் இயந்திரம் தடையின்றி ஓடும் என்றும் சொல்லிச் சென்றாராம். "டீச்சர் வீட்டிலதான் ஒன்னு ஓடுதே, அவங்களையே கேட்போம்" என்றார் ஒரு பெற்றோர். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தனர். "மரத்தில் கை வைக்க அவசரப்பட வேண்டாம். அளந்து பார்த்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று விளக்க அந்தக் கூட்டத்தில் எனக்கு நா எழவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு தைப்பிங்கில், ஒரு வீடமைப்புப் பகுதியின் முனை வீடு. முனை வீடென்பதால் பக்கவாட்டிலும் பின்புறமும் கொஞ்சம் நிலம் உண்டு. அப்பா இளவயதில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பிறகு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1986இல் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அம்மா பின்புறத்தில் ஒரு ரம்புத்தான் கன்றை நட்டார். 2019இல் அம்மா காலமானார். அதன்பின் அந்தப் புல்தரையும் மரமுமே அப்பாவின் உலகம் என்று சொல்லலாம். தைப்பிங் மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இங்கே புல் வளர்வதைக் கண்ணால் பார்க்கலாம் என்பார்கள். வாரம் தவறினால் கணுக்காலை மறைத்துவிடும். முதுகில் மாட்டிக்கொள்ளும் எந்திரத்தால் அப்பாவேதான் வெட்டுவார். 2023ஆம் ஆண்டு இறுதியில் ஈரப்புல்லில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். அவருக்கு வயது எழுபத்தேழு. ஆள் வைத்து வெட்டுவோம் என்றால் கேட்கவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தம்பி, அடுத்த ஆண்டு நடுவில் ஒரு தானியங்கிப் புல்வெட்டியை வாங்கி அனுப்பினான்.

எந்த நிறுவனத்துடையது என்று கேட்காதீர்கள். நான் சொல்லப்போவது எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும். பொறியைக் குறை கூறுவதும் என் நோக்கமன்று.

இவ்வகைப் புல்வெட்டிகள் புதியவை அல்ல. சுவீடன் நாட்டு ஹஸ்க்வார்னா நிறுவனம் 1995இலேயே சூரிய ஒளியில் இயங்கும் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நெடுங்காலமாக இவற்றுக்கு எல்லை காட்டியது, புல்தரையின் விளிம்பு நெடுகப் புதைக்கப்பட்ட ஒரு கம்பி. கம்பியில் ஓடும் மெல்லிய மின்னோட்டத்தை உணர்ந்து பொறி திரும்பிக்கொள்ளும். அண்மைக் காலத்தில் வந்தவற்றுள் பலவற்றுக்குக் கம்பி வேண்டியதில்லை. வானத்திலுள்ள செயற்கைக்கோள்களைப் பார்த்துத் தம் இடத்தைத் தாமே அறிந்துகொள்கின்றன. எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படிப்பட்டதே.

பார்த்து என்று எழுதிவிட்டேன். உண்மையில் கேட்டு என்றே எழுத வேண்டும். மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, இடி கேட்டதும் நிறுத்தி, மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிடும் விளையாட்டு நம் பிள்ளைகளுக்குத் தெரியும். செயற்கைக்கோள் முறையும் அதுதான். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள், 'நான் இன்னார், இப்போது மணி இவ்வளவு' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தி ஒளியின் வேகத்தில் வந்தாலும் நம்மை அடைய ஒரு விநாடியில் நூற்றில் ஏழு பங்கு நேரம் ஆகிறது. அந்தத் தாமதத்திலிருந்து தொலைவு கிடைக்கிறது. கணக்கில் ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தொலைவில் 300 மீட்டர் பிசகும். ஆகவே செயற்கைக்கோளில் அணுக்கடிகாரம் வைத்திருக்கிறார்கள். நம் கையிலுள்ள கருவியில் அப்படிப்பட்ட கடிகாரம் இல்லை. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றோடு நேரத்தையும் சேர்த்து நான்கு விடைகள் வேண்டியிருப்பதால், குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். அமெரிக்காவின் ஜிபிஎஸ், உருசியாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என நான்கு குடும்பங்கள் இன்று வானத்தில் இருப்பதால், திறந்த வெளியில் எண்ணிக்கைக்குப் பஞ்சமில்லை.

ஆனால் கைப்பேசிக்குப் போதுமான துல்லியம் புல்வெட்டிக்குப் போதாது. கைப்பேசி சில மீட்டர் தவறினால் நாம் கடையைத் தாண்டி அடுத்த கடையில் நிற்போம், அவ்வளவே. புல்வெட்டி சில மீட்டர் தவறினால் செம்பருத்தி வேலி போய்விடும். சென்டிமீட்டர் கணக்கில் இடம் அறிய ஆர்டிகே என்னும் முறையைக் கையாளுகிறார்கள். இதற்கு இரண்டு வாங்கிகள் வேண்டும். ஒன்று பொறியின் முதுகில் ஓடிக்கொண்டிருக்கும். மற்றொன்று ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். விற்பனையாளர் அதனை 'பேஸ்' என்றார். நான் நிலைவாங்கி என்று எழுதுகிறேன். தான் நிற்கும் இடம் மாறாது என்பதால், வானிலிருந்து வரும் செய்தியில் எவ்வளவு பிழை கலந்திருக்கிறது என்பதை நிலைவாங்கியால் காட்ட முடியும். அந்தப் பிழையைக் கழித்துக்கொண்டு பொறி தன் இடத்தை அறிகிறது. நில அளவையாளர்கள் நெடுநாளாகச் செய்துவரும் வேலைதான் இது. நம் நாட்டு நில அளவை, வரைபடத் துறையும் மைஆர்டிகேநெட் என்ற பெயரில் நாடு முழுவதும் இத்தகைய நிலையங்களை வைத்திருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். ஓர் அலைக்குள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைக் கருவி மிக நுட்பமாக அளந்துவிடும். ஆனால் செயற்கைக்கோளுக்கும் தனக்கும் இடையே எத்தனை முழு அலைகள் என்பது அதற்குத் தொடக்கத்தில் தெரியாது. அடிக்கோலில் மில்லிமீட்டர் கோடுகளைத் தெளிவாகப் படித்துவிட்டு, அடிக்கோலை எத்தனை முறை எடுத்து வைத்தோம் என்பதை மறந்துவிட்ட மாணவனின் நிலை. பல செயற்கைக்கோள்களின் கணக்கை ஒப்பிட்டுத்தான் அந்த எண்ணிக்கையை நிறுவுகிறது. நிறுவிய பிறகு அலை அறுபடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். நடுவே ஒரு கிளையோ சுவரோ குறுக்கிட்டால் எண்ணிக்கை தவறும். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அதுவரை சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பதை வைத்துச் சிறிது தூரம் ஒப்பேற்றும். அதுவும் நம்பிக்கையில்லாமற் போனால் நின்றுவிடும். நிற்பது பழுதன்று, அறிவு. கத்தி சுழலும் பொறி, தான் எங்கிருக்கிறோம் என்று தெரியாமல் ஓடக்கூடாது அல்லவா?

எங்கள் வீட்டில் அது நின்றது. அடிக்கடி நின்றது.

பகலில் வெயில், பிற்பகலில் மழை, மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து எடுக்க வருவார்கள் என்றெல்லாம் யோசித்துத் தம்பி இரவு எட்டரைக்குமேல் ஓடும்படி நேரம் அமைத்திருந்தான். ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் என் கைப்பேசி அலறும்: 'சமிக்ஞை போதவில்லை.' நான் கைவிளக்குடன் போய்ப் பார்த்தால் ஏதாவதோர் இடத்தில் மழைத் தவளைபோல் உட்கார்ந்திருக்கும். நான் கண்ட முதல் மூன்று நாள்களும் அது நின்றது ரம்புத்தான் மரத்துக்கு அருகில். அந்த மூன்று நாள் எங்களுக்குப் போதுமானதாக இருந்துவிட்டது.

பொருத்திக் கொடுத்த பணியாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். படம் எடுத்து அனுப்பச் சொன்னார். மரத்தைப் பார்த்ததும், "இதுதாங்க காரணம்" என்றார். அவர் சொன்னது முழுப் பொய்யன்று. இலை என்பது பாதிக்குமேல் தண்ணீர். செயற்கைக்கோளின் செய்தி நம்மை அடையும்போது எவ்வளவு மெலிந்திருக்கும் தெரியுமா? ஒரு வாட் ஆற்றலைக் கோடி கோடியாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மீண்டும் நூறாகப் பிரித்தால் கிடைக்கும் துளி. அடர்ந்த இலைக்கூட்டம் அதையும் உறிஞ்சிவிடும். மழை பெய்து இலை நனைந்திருந்தால் இன்னும் மோசம். (மழையே சமிக்ஞையைக் கெடுக்கிறது என்று நினைக்க வேண்டாம். கூரைமேல் உள்ள தொலைக்காட்சித் தட்டு மழையில் படுத்துவிடுவதைப் பார்த்து நாமெல்லாரும் அப்படி எண்ணுகிறோம். அந்த அலை வேறு, மிகக் குறுகியது. ஜிபிஎஸ் அலைக்கு வானத்தில் விழும் மழைத்துளி பெரிய தடையன்று. இலைமேல் தங்கிய நீர்தான் தொல்லை.)

தம்பியிடம் சொன்னேன். "மரம் வயசாயிடுச்சுக்கா. காயும் இப்ப அவ்வளவா இல்லை. அப்பா மறுபடி விழுந்தா என்ன செய்றது?" என்றான். அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பாவிடம் இருவரும் பேசினோம். அவர் மறுக்கவில்லை. "உங்களுக்குச் சரின்னு பட்டா வெட்டுங்க" என்றார். 2024 செப்டம்பர் பள்ளி விடுமுறையில் ஆள் வந்தது. முற்பகலுக்குள் முடிந்துவிட்டது. அப்பா அந்த முற்பகல் முழுதும் முன்வாசல் அஞ்சடியிலேயே இருந்தார், பின்புறம் வரவில்லை.

அன்றிரவு பொறி ஒன்பதேகாலுக்கு நின்றது.

மறுநாளும் நின்றது. மரம் இருந்த இடத்தில் அன்று. புல்தரையின் நட்டநடுவில், தலைக்குமேல் விண்மீன்கள் தெரிய நின்றது.

இப்போதுதான் எனக்குள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டார். தாமதமாக. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றுமுன் அளக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். என் வீட்டிலோ எதையும் அளக்காமல், மாற்றினால் திரும்பப் பெற முடியாத ஒன்றை முதலில் மாற்றியிருக்கிறேன்.

பயிற்சிக் கல்லூரியில் எங்கள் அறிவியல் விரிவுரையாளர் ஓர் எளிய கருவியைச் செய்யக் கற்றுத் தந்திருந்தார். நீங்களும் செய்யலாம். பாகைமானி ஒன்று, அதன் நேர்விளிம்பில் ஒட்டிய உறிஞ்சுகுழாய் ஒன்று, நடுப்புள்ளியில் கட்டித் தொங்கவிட்ட நூல், நூலின் நுனியில் ஒரு திருகாணி. குழாய் வழியே கூரையின் உச்சியையோ மரத்தின் உச்சியையோ பார்த்தால், நூல் எந்தக் கோட்டில் விழுகிறது என்பதைக் கொண்டு அது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கையில் திசைகாட்டி வைத்துக்கொண்டு, முப்பது பாகைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திசைகளிலும் அளக்க வேண்டும். தாளில் ஒரு வட்டம் வரைந்து, நடுப்புள்ளியைத் தலைக்குமேல் உள்ள வானமாகவும் விளிம்பை அடிவானமாகவும் கொண்டு, மறைபடும் பகுதிக்குக் கரி தீட்டினால், அந்த இடத்தில் நிற்கும் வாங்கிக்கு எவ்வளவு வானம் தெரிகிறது என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

ஒரு சனிக்கிழமை காலை புல்தரையின் நடுவில் உட்கார்ந்து முதல் வட்டத்தை வரைந்தேன். பெரும்பாலும் வெள்ளை. எங்கள் கூரை ஒரு பக்கம் முப்பது பாகை, மற்றத் திசைகளில் இருபதுக்குக் கீழே. ரம்புத்தான் மரம் இருந்திருந்தால்? 2022 தீபாவளியன்று மரத்தடியில் எடுத்த ஒரு படம் இருந்தது. தம்பியின் உயரத்தை அளவுகோலாகக் கொண்டு கணக்கிட்டேன். ஆறு மீட்டர் உயரம். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஏழு மீட்டர் தொலைவு. ஏறத்தாழ நாற்பது பாகை உயரம். அகலத்திலோ முழுச் சுற்றில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மரத்தை நெருங்கினால் நிழல் பெரிதாகும், உண்மைதான். ஆனால் புல்தரையின் நடுவில் நிற்கும் பொறிக்கு அந்த மரம் ஒரு பொருட்டே அன்று.

பிறகு நிலைவாங்கியிடம் போனேன். அதைப் பற்றி அதுவரை ஒருவரும் நினைக்கவில்லை. அது நகர்வதில்லை, நிற்பதில்லை, கைப்பேசியில் அலறுவதில்லை. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், முழங்கால் உயரக் குழாயின்மேல் பொருத்தியிருந்தார்கள். ஏன் அங்கே? மின்செருகி அங்கேதான் இருந்தது. ஒரு பக்கம் எங்கள் தாழ்வாரக் கூரை. மறுபக்கம் பக்கத்து வீட்டார் அண்மையில் எழுப்பிய இரண்டு மாடிச் சுவர், அறுபத்தைந்து பாகை. போதாக்குறைக்குச் சுவரிலிருந்து நீண்ட தகரப் பந்தல். இரண்டாவது வட்டத்தில் கரி தீட்டித் தீட்டி என் விரல் கறுத்தது. மிஞ்சியது வடக்கு தெற்காக ஒரு வாழையிலைக் கீற்று அளவுக்கு வானம்.

இதன் பொருள் என்ன? இரண்டு வாங்கிகளுக்கும் ஒருசேரத் தெரியும் செயற்கைக்கோள்களே கணக்குக்கு உதவும். திடல் நடுவே நிற்கும் பொறிக்கு இருபது தெரியலாம். நிலைவாங்கிக்கு ஆறுதான் தெரியுமென்றால் ஆறுதான் கணக்கு. அதைவிடக் கெடுதல் எதிரொலி. சுவரிலும் தகரத்திலும் பட்டுத் திரும்பிய அலை நேராக வந்த அலையைவிடச் சற்றுத் தாமதமாக வருகிறது. தாமதம் என்றால் தொலைவு. ஆகவே நிலைவாங்கி தவறான திருத்தத்தைச் சொல்கிறது. வகுப்பில் விடைத்தாளே தவறாக இருந்தால் எந்த மாணவனுக்கு மதிப்பெண் கிடைக்கும்?

அக்டோபர் தொடக்கத்தில் நிலைவாங்கியை மட்டும் மாற்றினோம். பின்பக்கக் கூரையின்மேல் ஒரு கம்பம், அங்கிருந்து கம்பிவடம். வேறெதையும் தொடவில்லை. சோதனைக்காகப் பகலில் ஓடவிட்டபோது ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆனால் இரவில், முன்போல் இல்லாவிடினும், அவ்வப்போது நின்றுகொண்டுதான் இருந்தது. இரண்டு வாரம் ஒரு பயிற்சி ஏட்டில் குறித்து வைத்தேன். பதினேழு நிறுத்தங்கள். அவற்றுள் பதினான்கு, இரவு ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில். இடமோ ஒவ்வொரு நாளும் வேறு.

இதற்கு விடை எங்கள் வீட்டில் இல்லை, வானத்தில் இருந்தது. நமக்கு மேலே அயனி மண்டலம் என்று ஒன்றிருப்பது தெரிந்ததே. சூரிய ஒளி பட்டு மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு அது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில், சூரியன் மறைந்த பிறகு அந்த அடுக்கு ஒரே சீராக இராமல், கொதிக்கும் பாலில் குமிழி எழுவதுபோல் ஆங்காங்கே வெற்றிடங்கள் எழும்பிக் கலங்குகிறது. அதைக் கடந்து வரும் அலை நடுங்குகிறது. விண்மீன் மினுக்குவதைப் போன்றதுதான் இதுவும். நடுக்கம் மிகுந்தால் முழு அலைகளின் எண்ணிக்கை அறுந்துபோகும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய காலத்திலும், சூரியனின் கொந்தளிப்பு மிகும் ஆண்டுகளிலும் இது கூடுதலாக இருக்கும். சூரியன் தன் பதினோராண்டுச் சுழற்சியின் உச்சக்கட்டத்தை அடைந்துவிட்டதாக நாசா அறிவித்தது எப்போது தெரியுமா? 2024 அக்டோபரில். அவ்வாண்டு மே மாதம் வீசிய சூரியப் புயலில் அமெரிக்காவில் விதைப்புக் காலத்து டிராக்டர்களே வழி தெரியாமல் நின்றுபோயின. ஆக, ஆண்டின் மோசமான மாதத்தில், பதினோராண்டின் மோசமான காலத்தில், நாளின் மோசமான நேரத்தைத் தேடிப் பிடித்து எங்கள் புல்வெட்டியை ஓட விட்டிருக்கிறோம். 1982இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி முன்னே நகர்த்தியதால் நமக்குச் சூரியன் மறைவதே ஏழு மணியைத் தாண்டித்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒன்பது மணி என்பது அந்தக் கலக்கத்துக்குச் சரியான முகூர்த்தம்.

நேரத்தைக் காலை ஒன்பதரைக்கு மாற்றினோம். பனி காய்ந்திருக்கும், பிற்பகல் மழை வந்திராது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். நவம்பர் முழுதும் இரண்டே முறைதான் நின்றது. இரண்டும் எங்கள் சுவருக்கும் பக்கத்துச் சுவருக்கும் இடையே உள்ள ஒன்றரை மீட்டர்ச் சந்தில். அங்கே எந்தப் பொறிக்கும் வானம் தெரியப்போவதில்லை. வரைபடத்திலிருந்து சந்தை நீக்கிவிட்டேன். நாலு கை அரிவாள் வீச்சில் முடிகிற இடம் அது.

மரத்தடியையும் அப்படித்தான் நீக்கியிருக்கலாம். கைப்பேசியில் விரலால் ஒரு வட்டம் வரைய வேண்டும், அவ்வளவே. அரை நிமிட வேலை. வட்டத்துக்குள் வளரும் புல்லை வாரம் ஒருமுறை நானே வெட்டியிருப்பேன்.

இதனை அப்பாவிடம் சொல்வதா வேண்டாவா என்று பல நாள் தயங்கினேன். டிசம்பர் விடுமுறையில் ஒருநாள் காலை, பொறி ஓடுவதைப் பார்த்தபடி பின்வாசலில் உட்கார்ந்திருந்தபோது, இரண்டு வட்டங்களையும் அவரிடம் காட்டினேன். கரி தீட்டிய வட்டத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"மரம் இல்லாத பக்கமும் அது நின்னுச்சேம்மா. முதல் வாரத்திலிருந்தே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கைப்பேசி அலறும்போது மட்டும் வெளியே வந்து பார்த்தவள். அப்பாவோ அது வாங்கிய நாள் முதல் ஒவ்வோர் இரவும் சன்னலோரம் உட்கார்ந்து அதன் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கே நின்றது, எப்போது நின்றது, தானாக எப்போது மறுபடி கிளம்பியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பயிற்சி ஏடும் பாகைமானியும் இல்லாமலே தெரியும்.

"ஏன்ப்பா சொல்லலை?"

"நீங்க படிச்ச பிள்ளைங்க. மெஷினப் பத்தி எனக்கு என்னா தெரியும்னு இருந்துட்டேன். நீங்களும் கேக்கலையே."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் குறை இல்லை. எழுந்து போய்த் தேநீர் கலக்கினார். எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தார். தம்பிக்கு இதுவரை நான் சொல்லவில்லை. அவன் இப்பக்கத்தைப் படிப்பவன், படித்துவிட்டு அழைப்பான். தம்பி, உன்மேல் தவறில்லை. கேள்வி கேட்டவன் நீ. அளக்காமல் விடை சொன்னவள் நான்.

இனிப் பள்ளித் திடலுக்கு வருகிறேன். நேற்று முன்தினம் உடற்கல்வி நேரத்தில், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஆளுக்கொரு பாகைமானியுடன் திடலில் இறங்கினார்கள். கோணம் அளத்தல் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை என்று கணித ஆசிரியரும் ஒப்புக்கொண்டார். உறிஞ்சுகுழாயில் குடிக்கக் கூடாது என்று இரண்டு பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது. திடலின் நடுவிலிருந்து பார்த்தால் அங்சானா மரங்கள் இருபத்தெட்டு பாகை உயரம். பன்னிரண்டு திசைகளில் மூன்றை மட்டும் மறைக்கின்றன. நிலைவாங்கியை எங்கே வைப்பதாகத் திட்டம் என்று பள்ளிப் பாதுகாவலரைக் கேட்டேன். சிற்றுண்டிச்சாலைச் சுவரோரம் என்றார். ஏன் என்று கேட்கவில்லை, போய்ப் பார்த்தேன். மின்செருகி இருந்தது. அதற்கு நேர்மேலே மூன்று மாடிக் கட்டடம். மாணவர்கள் அளந்த கோணம் எழுபது பாகை. வானத்தில் பாதி இல்லை.

மரத்துக்கு நேர் கீழே பொறி தடுமாறத்தான் செய்யும். நான் அதை மறைக்கப் போவதில்லை. கண்காட்டிகள், அதாவது சிறு ஒளிப்படக் கருவிகள், பொருத்திய புல்வெட்டிகள் இப்போது வருகின்றன. வானம் மறைந்தாலும் தரையைப் பார்த்துச் சிறிது தூரம் போகும். அதுவும் வேண்டாமென்றால் மரத்தடியை வரைபடத்திலிருந்து நீக்கிவிடலாம். விளையாட்டுப் போட்டியன்று பெற்றோர்கள் உட்கார நிழல் இருக்கும் ஒரே இடமும் அதுதான். நேரத்தைப் பொறுத்தவரை, பிள்ளைகள் இருக்கும் வேளையில் கத்தி சுழலும் பொறி திடலில் இறங்கவே கூடாது. இருட்டிய பின் வேண்டாம். சனி, ஞாயிறு காலை போதும். நிலைவாங்கியைக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏற்ற எவ்வளவு செலவாகும் என்று மின்பணியாளரைக் கேட்டிருக்கிறேன். மரம் வெட்டும் கூலியைவிடக் குறைவாகத்தான் வரும்.

அளந்து முடித்துத் திரும்பும்போது ஒரு மாணவி, "டீச்சர், மரத்தை வெட்டிருவாங்களா?" என்று கேட்டாள். கூட்டத்தில் பேசி முடிவு செய்வார்கள் என்றேன். "நம்ம வட்டத்தைக் காட்டுவீங்களா?" என்றாள்.

கூட்டம் வரும் வியாழக்கிழமை மாலை. பிள்ளைகள் வரைந்த இரண்டு வட்டங்களையும் ஒரே மணிலா அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். சுருட்டி இரப்பர்ப் பட்டை போட்டு, காரின் பின்னிருக்கையில் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு வட்டங்கள் இரண்டும் அதற்குள்ளே இருக்கின்றன.